வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணாதீர்கள்: உலகச் சுற்றுலாத் தலம் ஒன்றை நடத்த மாலத்தீவு கற்றுத்தரும் முழுமையான வழிகாட்டி

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணிக்குச் சரக்கு ஏற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? வெங்காய மூட்டையைத் தோளில் வாங்கிய சுமைதூக்கும் தொழிலாளி, வளைந்து ஆடும் பலகை மீது நாலே எட்டில் தோணிக்குள் போய்விடுவார். உருளைக்கிழங்கு, காய்கறி, பருப்பு, கட்டுமானக் கல் எல்லாம் ஏறும். மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டுவார்கள். போகும் இடம் மாலே, மாலத்தீவின் தலைநகரம். அங்கே ஒரு ரிசார்ட்டில் ஐரோப்பியப் பயணி ஒருவர் சாப்பிடும் சூப்பில் இந்த வெங்காயம்தான் மிதக்கும்.

சுற்றுலாத் தலத்தை நிர்வகிப்பது என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பலகைதான். பயணி கொடுத்த டாலர் தீவுக்கு வருகிறது, வந்த வேகத்தில் வெங்காயத்துக்கும் டீசலுக்கும் சிமெண்டுக்கும் வெளியே போகிறது. போனது போக ஊரில் எவ்வளவு தங்கியது? இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வரிசையாக வந்துவிடும்.

ஊராட்சித் தலைவர், சுற்றுலாத் துறை அலுவலர், ஹோம்ஸ்டே நடத்துபவர், சுற்றுலா மேலாண்மை படிக்கும் மாணவர் என யாராக இருந்தாலும் இந்த வழிகாட்டி உதவும். உதாரணங்களில் பெரும்பகுதி மாலத்தீவிலிருந்து எடுத்தவை. நல்லது, கெட்டது இரண்டையும் அந்தச் சின்ன நாடு 50 ஆண்டுகளில் செய்து பார்த்துவிட்டது.

படி 1: கையில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

1960-களில் ஐ.நா. வல்லுநர்கள் மாலத்தீவைப் பார்த்துவிட்டு, இங்கே சுற்றுலா சரிப்பட்டு வராது என்று சொன்னதாக அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். வங்கி இல்லை, முறையான விமான நிலையம் இல்லை, தொலைபேசி இல்லை. இல்லாதவற்றைப் பட்டியலிட்டால் அந்த முடிவுதான் வரும். இருப்பதைப் பட்டியலிட்டவர்கள் 1972 அக்டோபரில் குரும்பா என்ற முதல் ரிசார்ட்டைத் திறந்தார்கள். தென்னை ஓலை வேய்ந்த 30 அறைகள், அவ்வளவுதான்.

ஒரு நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். முதல் பக்கத்தில், வேறெங்கும் கிடைக்காத எது உங்கள் ஊரில் கிடைக்கும் என்று எழுதுங்கள். கடற்கரை என்று மட்டும் எழுதினால் போதாது, கடற்கரை உலகம் முழுக்க இருக்கிறது. இரண்டாவது பக்கம் முக்கியமானது. போனால் திரும்பி வராதது எது? மாலத்தீவில் அது பவளப்பாறை. 1998-லும் 2016-லும் கடல் வெப்பம் ஏறியபோது பவளம் வெளுத்து, ஏராளமாகச் செத்துப்போனது. ஒரு சுற்றுலா அமைச்சகத்தால் கடல் சூட்டைக் குறைக்க முடியாது. ஆனால் நங்கூரம் போட்டுப் பாறையை உடைப்பதையும் கழிவுநீரைக் கடலில் விடுவதையும் நிறுத்த முடியும். 2010-ல் நாடு முழுக்கச் சுறா வேட்டையைத் தடை செய்ததும் இந்தக் கணக்கில்தான். பிடித்து விற்றால் ஒரு சுறாவுக்கு ஒரே ஒரு முறை காசு வரும். உயிரோடு விட்டால் அதைப் பார்க்க வருகிற ஒவ்வொரு முக்குளிப்பவரும் காசு கொடுப்பார்.

படி 2: ஒரு பயணியின் பில்லை எடுத்து, காசு போகும் வழியைப் பிடியுங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது. சுற்றுலாவைப் பற்றிப் பேசும் பலர் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

உங்கள் ஊரில் தங்கிய ஒரே ஒரு விருந்தினரின் முழுச் செலவையும் எழுதுங்கள். விமான டிக்கெட், ஆன்லைன் முன்பதிவுத் தளத்தின் கமிஷன், அறை வாடகை, சாப்பாடு, படகு, கைவினைப் பொருள் என்று ஒவ்வொரு வரியாக. ஒவ்வொன்றுக்கும் எதிரே, காசு கடைசியில் யார் கணக்கில் சேர்கிறது என்று குறியுங்கள். அறை வாடகை ஹோட்டலுக்குப் போனது என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். ஹோட்டல் உரிமையாளர் எந்த ஊர், படுக்கை விரிப்பு எங்கே வாங்கியது, சமையல்காரர் சம்பளத்தை எந்த நாட்டுக்கு அனுப்புகிறார் என்று இன்னும் இரண்டு கட்டம் உள்ளே போங்கள். பொருளாதாரத்தில் இதைக் கசிவு என்பார்கள். ஓட்டைக் குடம் என்றால் இன்னும் சீக்கிரம் புரியும்.

மாலத்தீவில் மீனும் தேங்காயும் போக, தட்டில் விழும் பெரும்பாலானவை கப்பலில் வந்தவை. முட்டை, அரிசி, சர்க்கரை, வெங்காயம், ஆற்று மணல் வரை ஆண்டுதோறும் இவ்வளவு என்று அளவு ஒதுக்கி இந்தியாவிலிருந்து அனுப்பும் ஏற்பாடு 1981 முதல் இருக்கிறது. அங்கிருந்து நமக்கு வருவது மாசி. தூத்துக்குடிச் சமையலறையிலும் இலங்கைத் தமிழர் சம்பலிலும் மணக்கும் அந்த மாசிக் கருவாடு மாலத்தீவின் சூரை மீன். படகுக்கு அவர்கள் திவேஹி மொழியில் சொல்லும் பெயரும் தோணியை ஒட்டியதுதான். பழைய உறவு அது, அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

குடத்தின் ஓட்டையை அடைக்க அந்த நாடு ஒவ்வொன்றாகச் சில வழிகளைக் கையாண்டது. 2011-ல் சுற்றுலாப் பொருள், சேவைகள் மீது 3.5 சதவீத வரி வந்தது. அது படிப்படியாக ஏறி 2023-ல் 16 சதவீதம், 2025 ஜூலையில் 17 சதவீதம் ஆனது. 2015 நவம்பரில் பசுமை வரி என்று ரிசார்ட்டில் தங்குபவர் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 6 டாலர் வாங்கத் தொடங்கி, 2025 ஜனவரியில் அதை 12 டாலராக்கினார்கள். ரிசார்ட்டுக்கு வரும் டாலர் வெளிநாட்டு வங்கியிலேயே தங்கிவிடுகிறது என்ற குறை நெடுநாளாக இருந்தது. அதனால் 2024 அக்டோபரில், பெரிய ரிசார்ட்டுகள் பயணி ஒருவருக்கு 500 டாலர் வீதம் உள்ளூர் வங்கியில் மாற்றி, அந்நாட்டு நாணயமான ரூஃபியாவாக எடுக்க வேண்டும் என்று மத்திய வங்கி விதி கொண்டுவந்தது. சில மாதங்களில் அதுவே சட்டமாகி, மொத்த வருவாயில் ஒரு பங்கை மாற்றலாம் என்ற வழியும் சேர்ந்தது.

என் பார்வையில், இந்த வரிகளையெல்லாம்விடப் பெரிய மாற்றம் விருந்தினர் இல்லங்களுக்குக் கிடைத்த அனுமதிதான். 1980-களின் நடுவிலிருந்து ஏறத்தாழ 2009 வரை, மக்கள் வசிக்கும் தீவில் பயணிகள் தங்குவதற்குப் பெரும்பாலும் வழியில்லாமலே இருந்தது. ரிசார்ட் ஒரு தீவு, மக்கள் இன்னொரு தீவு. தன் கடலைப் பார்க்க யார் வருகிறார்கள் என்றே தெரியாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. விதி தளர்ந்ததும், சிறைச்சாலைக்கு மட்டுமே பெயர் பெற்றிருந்த மாஃபுஷி தீவில் 2010 வாக்கில் விருந்தினர் இல்லங்கள் முளைக்கத் தொடங்கின. ஊர்க்காரரின் வீட்டு மாடி அறையானது, தம்பி படகோட்டினார், பக்கத்து வீட்டு அக்கா ரொட்டி சுட்டார். நாடு முழுக்கப் பல நூறு இல்லங்கள் வந்துவிட்டன. ஓர் இரவுக்கு 1,000 டாலர் தரும் பயணியைவிட 60 டாலர் தருபவர் ஊருக்குள் அதிகம் விட்டுப்போகலாம். ஒரு பில்லைப் பிரித்துப் பார்க்காத வரை இதை நம்பக் கடினமாக இருக்கும்.

படி 3: ஊர் எத்தனை பேரைத் தாங்கும் என்று கணக்குப் போடுங்கள்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே ஆழம் என்பது தண்ணீர், குப்பை, கழிவுநீர், இடம். இந்த நான்கில் முதலில் தீர்ந்துபோவது எதுவோ அதுதான் உங்கள் எல்லை.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். தீவில் நாளொன்றுக்கு 3 லட்சம் லிட்டர் குடிநீர் கிடைக்கிறது. வசிப்பவர்கள் 1,500 பேர், ஆளுக்கு 100 லிட்டர். அவர்களுக்கே 1.5 லட்சம் போய்விடும். மீதி 1.5 லட்சம். ஷவர், நீச்சல் குளம், துணி துவைப்பு என விருந்தினர் ஒருவருக்கு 300 லிட்டர் என்று வைத்தால், 500 விருந்தினர்தான் தாங்கும். கட்டில் 900 போட்டிருந்தாலும் எல்லை 500-தான். ஊர்க்காரர்களின் பங்கை முதலில் கழித்துவிட்டு மீதியைப் பயணிகளுக்குப் பிரிக்க வேண்டும். பல ஊர்களில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஹோட்டலுக்கு லாரித் தண்ணீர் போகும், தெருக்குழாய் காய்ந்து கிடக்கும்.

இந்தக் கணக்கைப் போடாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிலிப்பைன்ஸின் போராகாய் தீவு சாட்சி. சுமார் 10 சதுர கிலோமீட்டர் நிலம். கழிவுநீர்க் குழாய்கள் நேராகக் கடலுக்குப் போயின, கரையில் பச்சைப் பாசி படர்ந்தது. 2018 ஏப்ரல் 26 அன்று அரசு தீவையே 6 மாதம் மூடியது. பல்லாயிரம் பேர் வேலையில்லாமல் நின்றார்கள். திறந்தபோது, ஒரே நேரத்தில் 19,215 பயணிகள், நாளொன்றுக்கு 6,405 பேர் வருகை என்று எல்லை வகுத்தார்கள். அந்த எண்ணைப் பத்தாண்டுக்கு முன்பே எழுதி வைத்திருந்தால் அந்த 6 மாதம் தேவைப்பட்டிருக்காது.

தாய்லாந்தின் மாயா விரிகுடாவும் அதே 2018-ல் மூடப்பட்டது. நாளொன்றுக்குச் சுமார் 5,000 பேர் அந்தச் சிறிய மணல் திட்டில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். 2022 ஜனவரியில் மீண்டும் திறந்தபோது, படகுகள் விரிகுடாவுக்குள் வரத் தடை போட்டு, பின்பக்கம் ஒரு படகுத்துறை அமைத்து, ஒரு நேரத்தில் 375 பேர் என்று வைத்தார்கள். கருமுனைச் சுறாக்கள் ஆழமற்ற நீருக்குத் திரும்பி வந்திருந்தன.

மாலத்தீவுக்குள்ளேயே அழகான உதாரணம் ஹனிஃபாரு விரிகுடா. அது இருக்கும் பா பவளத்தீவுக் கூட்டம் 2011-ல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. பருவக்காற்றுக் காலத்தில் மிதவை உயிரிகள் அந்த விரிகுடாவுக்குள் வந்து குவியும், அவற்றைத் தின்ன மாண்டா திருக்கைகள் கூட்டமாக வரும். வாயை அகலத் திறந்தபடி ஒன்றன் பின் ஒன்றாக அவை வட்டமிடுவதைப் பார்க்க உலகமே வரத் தயார். முக்குளிப்பவர் விடும் காற்றுக் குமிழி அவற்றின் மேய்ச்சலைக் குலைக்கும் என்பதால், காற்று உருளையோடு இறங்க அங்கே அனுமதி இல்லை. முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டு மேலே மிதந்தபடி பார்க்கலாம், அதுவும் 45 நிமிடம். காவலர்கள் படகிலேயே நின்று பார்த்துக்கொள்கிறார்கள், நுழைவுக் கட்டணம் பாதுகாப்பு நிதிக்குப் போகிறது. விதிக்கான காரணத்தைச் சொல்லிவிட்டால் பெரும்பாலான பயணிகள் மதிக்கிறார்கள்.

படி 4: குப்பையும் தண்ணீரும் போகும் இடத்தை நேரில் போய்ப் பாருங்கள்

மாலே அருகில் திலஃபுஷி என்று ஒரு தீவு உண்டு. 1990-களின் தொடக்கத்திலிருந்து தலைநகரின் குப்பையைக் கொட்டிக் கொட்டி மேடாக்கிய நிலம் அது. விளம்பரப் படத்தில் நீலக்கடல் தெரியும் அதே வானத்தில் அங்கிருந்து பல ஆண்டுகள் புகை எழுந்தது. ரிசார்ட்டுகள் எரிகலன், கண்ணாடி நொறுக்கி, தகர அழுத்தி வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. விதி இருப்பது வேறு, கருவி ஓடுவது வேறு. மாதம் ஒருமுறை நீங்களே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

2014 டிசம்பர் 4 அன்று மாலேயில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தீப்பிடித்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் நகரத்தில் குழாயில் தண்ணீர் இல்லை. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. ஒரே ஆலை, ஒரே கேபிள், ஒரே பாலம் என்று உங்கள் ஊரில் எதெல்லாம் ஒற்றையாக நிற்கிறதோ, அதற்கு மாற்று என்ன என்று இன்றே எழுதி வையுங்கள்.

படி 5: கட்டணத்தை யோசித்து வையுங்கள்

கட்டணம் இரண்டு வேலை செய்யும். ஒன்று காசு சேர்க்கும், இன்னொன்று கூட்டத்தைக் குறைக்கும். இரண்டையும் ஒரே தொகையில் சாதிப்பது கடினம். வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல், பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் 29 நாட்கள் 5 யூரோ வாங்கியது. சுமார் 24 லட்சம் யூரோ சேர்ந்தது. ஆனால் இத்தாலி வரை வந்தவர் 5 யூரோவுக்காகத் திரும்பிப் போவாரா? மறு ஆண்டு 54 நாட்களாக்கி, கடைசி நேரத்தில் பதிபவர்களுக்கு 10 யூரோ ஆக்கினார்கள்.

பூட்டான் வேறு வழியில் போனது. குறைந்த கூட்டம், நிறைந்த மதிப்பு என்பது அதன் நெடுநாள் கொள்கை. ஒரு இரவுக்கு 65 டாலராக இருந்த வளர்ச்சிக் கட்டணத்தை 2022 செப்டம்பரில் 200 ஆக்கியது. கொரோனாவுக்குப் பிறகு வருகை தேறாததால் 2023 செப்டம்பரில் 100-க்கு இறக்கியது. இந்தியர்களுக்கு 1,200 ரூபாய். விலை வைத்ததைவிட, தவறு தெரிந்ததும் ஓராண்டில் திருத்தியதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

கட்டணம் எங்கே செலவாகிறது என்பதை ஊர் நடுவில் பலகை வைத்து எழுதுங்கள்.

படி 6: ஒரே நாட்டை நம்பி இருக்காதீர்கள்

2023-ல் மாலத்தீவுக்கு அதிகம் போனவர்கள் இந்தியர்கள், இரண்டு லட்சத்துக்கு மேல். 2024 ஜனவரியில் இந்தியப் பிரதமரின் லட்சத்தீவுப் பயணத்தை ஒட்டி மாலத்தீவுத் துணை அமைச்சர்கள் மூவர் சமூக ஊடகத்தில் எழுதியது பெரிய சர்ச்சையாகி, அவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். புறக்கணிப்பு அழைப்பு பரவியது. அந்த ஆண்டு இந்தியர் வருகை 1.3 லட்சம் அளவுக்கு இறங்கியது. ஆனாலும் நாட்டின் மொத்த வருகை 20 லட்சத்தைத் தாண்டியது. சீனர்கள், ரஷ்யர்கள், பிரிட்டன், இத்தாலி, ஜெர்மனிக்காரர்கள் என்று பல கால்களில் நின்றதால் ஒரு கால் மடங்கியும் விழவில்லை. இந்தியரை மட்டுமே நம்பியிருந்த சிறு விடுதிகளுக்குத்தான் அடி பட்டிருக்கும்.

மூன்று ஆண்டு வருகைப் பதிவேட்டை எடுத்து, எந்த நாடு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஒரே நாடு நான்கில் ஒரு பங்கைத் தாண்டினால் அடுத்த ஆண்டின் விளம்பரப் பணம் வேறு நாட்டுக்குப் போக வேண்டும். நான்கில் ஒன்று என்பது என் அளவுகோல், உங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 7: ஊர்க்காரர்களை முதலில் கேளுங்கள்

வெனிஸின் பழைய நகரில் 1950-களில் 1.7 லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். 2022-ல் 50,000-க்குக் கீழே போய்விட்டது. வீடுகள் வாடகை அறைகளாகின, மளிகைக் கடை நினைவுப் பொருள் கடையானது. குடியிருப்பவர்களுக்கு வீடு கிடைக்க வேண்டும் என்று பார்சிலோனா, சுமார் 10,000 குறுகிய கால வாடகை உரிமங்களை 2028-க்குள் நிறுத்தப்போவதாக 2024-ல் அறிவித்தது.

மாலத்தீவின் வசிப்பிடத் தீவுகள் இதை வேறு விதமாகச் சமாளித்தன. அது இஸ்லாமிய நாடு, ஊருக்குள் மது கிடையாது, நீச்சல் உடையில் தெருவில் நடக்கக் கூடாது. ஆகவே தீவின் ஒரு பக்கத்தில் பயணிகளுக்கென்று மறைப்புக் கட்டிய கடற்கரையை ஒதுக்கினார்கள். பள்ளிவாசலுக்குப் போகும் வழி ஊர்க்காரர்களுக்கு, கடற்கரை மூலை விருந்தினருக்கு. எல்லாருக்கும் இது பிடித்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கே கோடு போடுவது என்பதை அந்தத் தீவே பேசி முடிவு செய்ய இடம் இருந்தது. வேலைக்கும் இப்படியே. ரிசார்ட் ஊழியர்களில் 45 சதவீதம் உள்ளூர்க்காரர்கள் இருக்க வேண்டும் என்ற விதி அங்கே உண்டு. எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பெட்டி தூக்குபவர் உள்ளூர், மேலாளர் வெளியூர் என்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

படி 8: கெட்ட நாளுக்குத் தயாராக இருங்கள்

2004 டிசம்பர் 26 சுனாமியில் மாலத்தீவு 80-க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. பொருள் இழப்பு அந்நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் 62 சதவீதம். இலங்கைக்கு அடுத்தடுத்து மூன்று அடி விழுந்தது. 2018-ல் 23 லட்சம் பயணிகள் வந்த நாடு அது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா, 2022-ல் பெட்ரோலுக்கு வரிசை. 2021-ல் வந்தவர்கள் 2 லட்சம்கூட இல்லை. 2024-ல்தான் மறுபடி 20 லட்சத்தைத் தொட்டது.

2020 மார்ச் இறுதியில் எல்லையை மூடிய மாலத்தீவு ஜூலை 15-லேயே திறந்தது, தனிமைப்படுத்தல் இல்லாமல். ஒரு தீவு, ஒரு ரிசார்ட் என்ற பழைய அமைப்பு அப்போது கைகொடுத்தது. தீவே தடுப்பாக நின்றது. 2020-ல் 5.5 லட்சமாக இருந்த வருகை அடுத்த ஆண்டே 13 லட்சமானது.

உங்களுக்கு வேண்டியது மூன்று: வருமானத்தில் ஒரு பங்கைப் போட்டு வைக்கும் நெருக்கடி நிதி, பயணிகளின் தூதரகத்துக்கும் விமான நிறுவனத்துக்கும் பேசப்போகும் ஒரே ஆளின் பெயர், ஊழியர்களுக்கு மூன்று மாதச் சம்பளம் எங்கிருந்து வரும் என்ற பதில். மூன்றாவதை விட்டுவிட்டால், நிலைமை சீராகும்போது உங்கள் நல்ல சமையல்காரர் வேறு நாட்டில் இருப்பார்.

படி 9: மாதம் ஒரு பக்கம் கணக்கு எழுதுங்கள்

எத்தனை பயணிகள் வந்தார்கள் என்ற எண்ணைக் கடைசியில் வையுங்கள். முதலில் சராசரியாக எத்தனை இரவு தங்கினார்கள், ஓர் இரவுக்கு ஊருக்குள் எவ்வளவு காசு நின்றது, உள்ளூர்க் கடையில் வாங்கிய காய்கறியின் பங்கு என்ன, குழாயில் எத்தனை மணி நேரம் தண்ணீர் வந்தது, இந்த மாதம் வீட்டைக் காலி செய்து வெளியூர் போன குடும்பங்கள் எத்தனை என்று பாருங்கள். ஐந்தே வரிகள்தான். அவற்றைத் தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டுங்கள். கணக்குத் தப்பென்றால் ஊர்க்காரர்கள் அன்றே வந்து சொல்வார்கள்.

முதல் மாதப் பக்கத்தை எழுத, படி 2-ல் சொன்ன ஒற்றைப் பில்லிலிருந்து தொடங்குங்கள். நாளைக் காலை உங்கள் ஊரில் அறையைக் காலி செய்யப்போகும் விருந்தினர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, அவருடைய பில்லை வாங்கிக்கொள்ளுங்கள்.